கடல் பசுவைப் பற்றி எழுத வெளிநாட்டு மானியம் வாங்கலாமா?

பாக் விரிகுடாக் கரையில் ஒரு மீனவ ஊரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், பத்திரிகை எதையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

அவருக்கு வயது 34. ஒரு தமிழ் நாளிதழுக்குப் பல வருடங்களாகத் தாலுகா நிருபர். மாதச் சம்பளம் கிடையாது. அச்சில் வந்த செய்திக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துத் தருவார்கள். அப்பா நாட்டுப்படகு மீனவர். வலையில் சிக்கிய ஆவுளியாவை, அதாவது கடல் பசுவை, அப்பாவும் கூட்டாளிகளும் வலையை அறுத்து விட்டதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறார். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதன்பிறகு கரையில் என்ன மாறியது, வலையை இழந்தவர்களுக்கு என்ன கிடைத்தது, கடற்புல் படுகைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று விரிவாக எழுத ஆசைப்படுகிறார். மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கும் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார். இதற்கெல்லாம் வனத்துறை அனுமதி வேண்டுமோ என்ற பயமும் இருக்கிறது. படகு வாடகை, டீசல், கேமரா, பயணம் எல்லாம் சேர்த்தால் அவருடைய ஒரு வருட வருமானத்துக்கு மேல் ஆகிறது.

பல்லுயிர், இயற்கைப் பாதுகாப்பு பற்றி எழுதுவோருக்கு வெளிநாட்டு அமைப்புகள் மானியம் தருவதாகக் கேள்விப்பட்டிருக்கிறார். ஆனால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "வெளிநாட்டுக் காசு வாங்கினா ஜெயில்தான்" என்கிறார் உடன் வேலை பார்க்கும் ஒருவர். வெளிநாட்டு நிதி பெறப் பதிவு வைத்திருக்கும் ஒரு டிரஸ்டில் இருக்கும் தோழி, "எங்க கணக்குக்கு வரட்டும், பத்து சதவீதம் பிடிச்சுக்கிட்டு மீதியைத் தர்றோம்" என்கிறார். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற தாய்மாமா நண்பர்களிடம் இரண்டு லட்சம் திரட்டி அனுப்பத் தயாராக இருக்கிறார். பக்கத்தில் தொழில் நடத்தும் ஒரு கம்பெனியின் சமூகப் பணிப் பிரிவு, கட்டுரையை முன்கூட்டியே காட்டினால் செலவை ஏற்பதாகச் சொல்கிறது. இங்கிலீஷ் சரளமாக வராது என்ற தயக்கம் வேறு. எதை எடுப்பது, எதை விடுவது என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் உடன் பணியாளர் சொன்னது பாதி சரி. தோழி சொன்ன வழி உங்களுக்கும் அவருக்கும் ஆபத்து. மாமாவின் வழி நீங்கள் நினைப்பதைவிடச் சிக்கலானது. கம்பெனி பணம் வேண்டவே வேண்டாம். இவை எல்லாவற்றையும் விட நீங்கள் அதிகமாக யோசிக்க வேண்டியது உங்களிடம் பேசப்போகும் மீனவர்களின் பாதுகாப்பைப் பற்றி. அதைக் கடைசியில் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எங்கே கேட்கலாம்

முதலில் பணம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். சுற்றுச்சூழல் செய்தியாளர்களுக்காகவே இயங்கும் எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க்கை இன்டர்நியூஸ் என்ற அமைப்பு 2004-ல் தொடங்கியது. ஆசியா உட்பட வளரும் நாடுகளின் செய்தியாளர்களுக்குக் கட்டுரை மானியம் தருகிறது. பல்லுயிர், கடல், காலநிலை என்று தலைப்பு வாரியாக அழைப்பு விடுவார்கள். அமெரிக்காவின் புலிட்சர் சென்டர் கடல், காடு சார்ந்த புலனாய்வுகளுக்குப் பணம் தருகிறது. அங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுடைய மழைக்காட்டுச் செய்தி நிதி அமேசான், காங்கோ படுகை, தென்கிழக்கு ஆசியா ஆகியவற்றை மனதில் வைத்து 2018-ல் உருவானது. பெயரைப் பார்த்துவிட்டு விண்ணப்பித்தால் உங்கள் நேரம்தான் வீண். உங்களுடையது கடல் விஷயம், அதற்கான அழைப்பைத் தேடுங்கள்.

மானியம் என்ற பெயரில்லாமலே பணம் தரும் இடங்களும் உண்டு. 2018-ல் தொடங்கிய மோங்கபே இந்தியா, வெளியிலிருந்து எழுதுவோரிடம் இயற்கைப் பாதுகாப்புக் கட்டுரைகளை வாங்கி வெளியிடுகிறது. பாரி என்று அழைக்கப்படும் கிராமப்புற இந்திய மக்கள் ஆவணக் காப்பகம் தமிழிலும் வெளியிடுகிறது. ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி அவர்கள் செய்த பதிவுகளை நீங்களே பார்த்திருக்கலாம். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் செய்தியாளர்களுக்கு அவ்வப்போது தலைப்பு சார்ந்த நல்கைகளை அறிவித்திருக்கிறது. முதல் முயற்சிக்கு இப்படி ஓர் இந்திய வாசலைத் தட்டுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். கையில் ஒரு பெரிய கட்டுரை அச்சாகி இருந்தால் அடுத்த விண்ணப்பம் தானாகவே வலுக்கும்.

இரண்டு எதிர்பார்ப்புகளைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கட்டுரைக்கான மானியம் பொதுவாக ஓரிரு ஆயிரம் டாலர் அளவில்தான் இருக்கும். அதில் கேமரா வாங்கும் செலவைச் சேர்த்தால் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். அப்புறம், பணம் முழுவதும் முன்கூட்டியே வராது. ஒப்பந்தம் ஆனதும் ஒரு பகுதி, கட்டுரை வெளியானபின் மீதி என்பதுதான் வழக்கம். ஆகவே டீசலுக்கும் படகுக்கும் முதலில் உங்கள் கையிலிருந்து கொஞ்சம் போகும். அந்தப் பணத்தை வட்டிக்கு வாங்காதீர்கள். வெளியீடு நாலு மாதம் தள்ளிப்போனாலும் கடன் காத்திருக்காது.

ஒரே அமைப்பை நம்பியும் இருக்க வேண்டாம். 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை நிறுத்தியபோது, அந்தப் பணத்தைப் பெரிதும் சார்ந்திருந்த இன்டர்நியூஸ் கடுமையாக அடிபட்டது. இந்த வருடம் இருக்கும் அழைப்பு அடுத்த வருடம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இங்கிலீஷ் பற்றிய தயக்கத்தை விட்டுவிடுங்கள். விண்ணப்பத்தைத்தான் இங்கிலீஷில் கேட்பார்கள், கட்டுரை தமிழில் வரலாம். உள்ளூர் மொழியில் உள்ளூர் மக்களிடம் போய்ச் சேரும் எழுத்தை எர்த் ஜர்னலிசம் போன்ற அமைப்புகள் விரும்பவே செய்கின்றன. மொழிபெயர்ப்புச் செலவை வரவுசெலவில் ஒரு வரியாகவே போடுங்கள். ஆனால் ஆசிரியர் "எழுதுங்க, பாப்போம்" என்று வாயால் சொன்னது போதாது. 'இந்தக் கட்டுரையை வெளியிட ஆர்வமாக இருக்கிறோம்' என்று பத்திரிகையின் கடிதத்தாளில் நாலு வரி வேண்டும். அநேகமாக எல்லா மானியங்களிலும் அந்தக் கடிதத்தைக் கேட்பார்கள். வெளியில் பணம் வாங்கி எழுதப்போவது பத்திரிகைக்குத் தெரியும் என்பதற்கும் அதுவே சாட்சி.

வெளிநாட்டுப் பணமும் நிருபரும்

இப்போது ஜெயில் பேச்சுக்கு வருவோம். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, யார் யார் வெளிநாட்டு நன்கொடை பெறவே கூடாது என்று பட்டியல் போடுகிறது. தேர்தல் வேட்பாளர், நீதிபதி, அரசு ஊழியர், எம்.பி., எம்.எல்.ஏ., அரசியல் கட்சி ஆகியோரோடு, பதிவு பெற்ற பத்திரிகையின் நிருபர், பத்தி எழுத்தாளர், கேலிச்சித்திரக்காரர், ஆசிரியர், உரிமையாளர், வெளியிடுபவர் ஆகியோரும் அதில் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் இல்லை, அதனால் நான் நிருபர் இல்லை என்று நீங்கள் வாதாடலாம். உங்கள் வக்கீலாக இருந்தால் நானும் வாதாடுவேன். ஆனால் கையில் பத்திரிகை அடையாள அட்டையை வைத்துக்கொண்டு அந்த வாதத்தை நம்பிப் பணம் வாங்கச் சொல்லமாட்டேன். நீங்கள் நிருபர்தான் என்று வைத்துக்கொண்டே மேலே போவோம்.

உங்கள் உடன் பணியாளர் 3-ஆம் பிரிவோடு நிறுத்திவிட்டார். அடுத்த பிரிவையும் படிக்க வேண்டும். வெளிநாட்டவரிடமிருந்து தனக்கு வரவேண்டிய சம்பளம், கூலி, பிற ஊதியம், உதவித்தொகை போன்றவற்றை இவர்கள் வாங்கிக்கொள்ளலாம் என்று 4-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. தொழில் முறையில் செய்த வேலைக்கு வாங்கும் கட்டணம் நன்கொடைக் கணக்கிலேயே வராது என்று சட்டத்தின் வரையறைப் பிரிவில் ஒரு விளக்கமும் இருக்கிறது. லண்டன் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்துக் கட்டணம் வாங்கும் சென்னைச் செய்தியாளர் குற்றவாளி ஆகாதது இதனால்தான்.

ஆகவே உங்களுக்கு வரும் பணம் செய்த வேலைக்கான ஊதியமா, சும்மா கொடுத்த நன்கொடையா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. அதைத் தீர்மானிப்பது காகிதம். என்ன கட்டுரை, எத்தனை சொல், எத்தனை படம், எந்தத் தேதிக்குள், அதற்கு எவ்வளவு கட்டணம் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் நீங்கள் உங்கள் பெயரில் பில் அனுப்புங்கள். 'இவருடைய பணிகளுக்கு ஆதரவாக' என்று பொத்தாம் பொதுவாக ஒரு கடிதமும் பணமும் மட்டும் வந்தால், அதை நன்கொடை என்று சொல்ல அதிகாரிக்கு அதிக நேரம் பிடிக்காது. அமைப்புகளிடம் தயங்காமல் கேளுங்கள்: 'இந்தியச் சட்டப்படி இதைப் பணிக்கான கட்டண ஒப்பந்தமாகத் தர முடியுமா?' அவர்களுக்கு இது புதிய கேள்வியாக இருக்காது.

வங்கியில் ஓர் இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததும், எதற்காக வந்தது என்று வங்கி ஒரு குறியீட்டைக் கேட்கும். கவுண்டரில் இருப்பவர் அவசரத்தில் 'நன்கொடை' என்றோ 'குடும்பச் செலவு' என்றோ போட்டுவிடுவார். அப்படிப் பதிவானால், உங்கள் ஒப்பந்தம் ஒன்று சொல்லும், வங்கிக் கணக்கு வேறொன்று சொல்லும். ஒப்பந்த நகலைக் கையில் கொண்டுபோய், தொழில்முறைக் கட்டணம் என்று பதியச் சொல்லி, வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்றையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

வருமான வரிக் கணக்கிலும் இதைத் தொழில் வருமானமாகவே காட்டுங்கள். படகு, டீசல், பஸ், மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் செலவாகக் கழிக்கலாம். படகுக்காரர் பில் தரமாட்டார் என்பது எனக்கும் தெரியும். தேதி, படகின் பதிவு எண், எங்கிருந்து எதுவரை, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மானியம் தந்தவர்கள் கணக்குக் கேட்டாலும் அந்தத் தாள் போதும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை ஜிஎஸ்டி பதிவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

தோழியின் டிரஸ்ட், மாமாவின் இரண்டு லட்சம்

தோழி நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். 2020-க்கு முன்னால் பதிவுள்ள ஓர் அமைப்பு வாங்கி, பதிவுள்ள இன்னோர் அமைப்புக்குக் கொடுப்பது நடந்துகொண்டுதான் இருந்தது. அந்த வருடத் திருத்தம் 7-ஆம் பிரிவை மாற்றிவிட்டது. வெளிநாட்டு நன்கொடை பெற்ற அமைப்பு அதை வேறு எந்த நபருக்கும் அமைப்புக்கும் கைமாற்றக் கூடாது. அதிலும் நீங்கள் பெறவே கூடாத பட்டியலில் இருப்பவர். டிரஸ்ட் வழியாக வந்தால் பணத்தின் குணம் மாறாது, இரண்டாவதாக ஒருவரும் மாட்டிக்கொள்வார், அவ்வளவுதான். இச்சட்டத்தை மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் என்று 35-ஆம் பிரிவு சொல்கிறது. டிரஸ்டின் பதிவும் போகலாம். அவர்கள் நடத்தும் மாலை நேரப் பள்ளியோ மருத்துவ முகாமோ அதோடு நின்றுபோகும். 2025-ல் இன்னும் இறுக்கினார்கள். வெளியீட்டுப் பணி செய்யும் அமைப்புகள், தங்கள் வெளியீட்டில் செய்தி இல்லை என்று பத்திரிகைப் பதிவாளரிடம் சான்று வாங்க வேண்டும். செய்திக்கும் வெளிநாட்டு நன்கொடைக்கும் நடுவே சுவர் எழுப்புவதுதான் அரசின் போக்கு. அந்தச் சுவரில் உங்கள் தோழியின் டிரஸ்டை மோதவிடாதீர்கள்.

மாமா விஷயம் உங்களுக்கு வருத்தமாக இருக்கும். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் சட்டப்படி வெளிநாட்டவர். உறவினரிடமிருந்து வாங்கலாம் என்று 4-ஆம் பிரிவில் விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் உறவினர் யார் என்பதற்கு இச்சட்டம் கம்பெனிச் சட்டத்தின் பட்டியலைக் கைகாட்டுகிறது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் அதில் உண்டு. தாய்மாமா இல்லை. நம் வீட்டில் சீர் செய்யவும் மாலை எடுத்துக் கொடுக்கவும் முதலில் நிற்பவர் இந்தச் சட்டத்துக்கு உறவினர் ஆகமாட்டார். அவருடைய நண்பர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்களில் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து தருவது வேறு கணக்கு, அதற்குத் தடை இல்லை. ஆனால் யார் எந்தப் பாஸ்போர்ட் என்று பிரித்துப் பார்த்து வாங்குவது நடைமுறையில் உங்களால் ஆகிற காரியமா? மாமாவிடம் பக்குவமாகச் சொல்லி, வேண்டாம் என்றுவிடுங்கள்.

கம்பெனி பணத்தில் சட்டச் சிக்கல் குறைவு, அது இந்தியப் பணம். ஆனால் 'அச்சுக்குப் போகும்முன் காட்டுங்கள்' என்ற ஒரு நிபந்தனையே போதும், கட்டுரை உங்களுடையது இல்லை என்றாகிவிடும். கடலோரத்தில் தொழில் நடத்தும் கம்பெனி அது. நாளைக்குக் கழிவுநீரைப் பற்றி ஒரு மீனவர் பேசினால் அந்த வரியை என்ன செய்வீர்கள்? யாரிடம் பணம் வாங்கினாலும் கட்டுரையின் அடியில் அவர்கள் பெயரைப் போட வேண்டியிருக்கும், போடத்தான் வேண்டும். அங்கே இந்தக் கம்பெனியின் பெயரை உங்கள் ஊர்க்காரர்கள் படித்தால், அடுத்த முறை உங்களிடம் வாய் திறக்கமாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் விரல் வைத்துப் பார்க்க வேண்டிய இடங்கள்

எழுத்தின் உரிமை. நீங்கள் தனியாக எழுதினால் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமையாளர் நீங்கள்தான். எழுத்துபூர்வமாக மாற்றிக் கொடுத்தால் மட்டுமே அது மற்றவருக்குப் போகும். எத்தனை காலம் என்று ஒப்பந்தத்தில் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த எல்லைக்குள் என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஒப்பந்தங்களில் 'உலகம் முழுவதும், என்றென்றைக்கும்' என்று எழுதி வைப்பார்கள். மறுபிரசுர உரிமையைத் தாருங்கள், பரவாயில்லை. முழு உரிமையையும் தாரை வார்க்காதீர்கள். பின்னால் நீங்கள் இதைப் புத்தகமாக்க விரும்பினால் தமிழ் உரிமை உங்கள் கையில் இருக்க வேண்டும்.

வழக்கு வந்தால் யார் செலவு. அவதூறு இன்றைக்கும் கிரிமினல் குற்றம்தான், பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. பல ஒப்பந்தங்களில், கட்டுரையால் எந்த நஷ்டம் வந்தாலும் எழுதியவரே ஈடுகட்ட வேண்டும் என்று ஒரு வரி பதுங்கியிருக்கும். ஓரிரு ஆயிரம் டாலர் கட்டணத்துக்கு எல்லையில்லாத பொறுப்பை ஏற்காதீர்கள். உங்கள் பொறுப்பு வாங்கிய கட்டணத்துக்கு மேல் போகாது என்று திருத்தச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால், வெளியிடுமுன் கட்டுரையை அவர்களுடைய வக்கீல் படித்துத் தர வேண்டும் என்றாவது கேளுங்கள்.

வனத்துறை அனுமதி. இதில் நீங்கள் வீணாகப் பயப்படுகிறீர்கள். கடல் பசுப் பாதுகாப்பகம் என்பது தேசியப் பூங்கா அல்ல. நுழையவே அனுமதி வேண்டும் என்ற விதி அதற்குப் பொருந்தாது. மீனவர்கள் அங்கே இன்றும் தொழில் செய்கிறார்கள். ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே போகவும் படமெடுக்கவும் தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி கட்டாயம். அது வர மாதங்கள் ஆகலாம். அனுமதி கைக்கு வரும்முன் தீவுப் பயணத்தை நம்பி ஒப்பந்தத் தேதி போடாதீர்கள். ட்ரோன் வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கும் கடற்கரை அது. கடலுக்குள் போகும்முன் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்குத் தகவல் சொல்லுங்கள். எல்லைக் கோட்டுப் பக்கம் படகு போக வேண்டாம் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கச் செலவில்லாத ஒரு வழி உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி வனத்துறையிடம் இப்போதே கேளுங்கள்: பாதுகாப்பகம் வந்தபிறகு வலையில் சிக்கி விடுவிக்கப்பட்ட கடல் பசுக்கள் எத்தனை, விடுவித்தவர்களுக்கு வழங்கிய தொகை எவ்வளவு, விண்ணப்பித்தும் வழங்காமல் நிற்பது எத்தனை? முப்பது நாளில் பதில் வர வேண்டும். 'அறிய விரும்புகிறேன்' என்று எழுதும் விண்ணப்பத்தைவிட, அரசு தந்த பதிலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதும் விண்ணப்பத்தைத் தேர்வுக் குழு கட்டாயம் இரண்டாம் முறை படிக்கும்.

உங்களிடம் பேசும் மீனவர்

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. "பழைய கதைகளையும் மனசுவிட்டுச் சொல்வார்கள், எல்லாவற்றையும் வீடியோ எடுக்கப்போகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

கடல் பசு மூச்சு விட மேலே வந்தாக வேண்டிய பிராணி. வலையில் சுற்றிக்கொண்டு மேலே வர முடியாமல் போனால் தண்ணீருக்குள்ளேயே செத்துவிடும். விடிகாலையில் வலையை இழுக்கும்போது உயிரோடு இருந்தால், வலையை அறுத்துத்தான் விட முடியும். அன்றைக்கு மீன்பாடும் போச்சு, வலையும் போச்சு. அதைச் செய்பவர் பெருமையாகக் கேமராவில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் செத்து வந்த ஒன்றைப் பற்றி இன்னொருவர் சொல்வார். கரைக்குக் கொண்டுவந்து கறியைப் பங்கு போட்டதையும் சேர்த்துச் சொல்வார். ஒரு காலத்தில் இந்தக் கரையில் அது சாதாரணமாக நடந்த ஒன்று, ஆகவே அவருக்கு அது தப்பாகவே தெரியாது. கடல் பசு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடினாலோ கறியை வைத்திருந்தாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. உங்கள் வீடியோவே அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிடும்.

'சொன்னவர் பெயரை நான் வெளியிட மாட்டேன், அது பத்திரிகையாளர் உரிமை' என்று நீங்கள் நினைக்கலாம். இந்தியாவில் அப்படி ஒரு முழு உரிமையைத் தரும் சட்டம் இல்லை. தகவல் தந்தவர் யார் என்று சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று பிரஸ் கவுன்சில் சட்டம் சொல்வது பிரஸ் கவுன்சில் விசாரணைக்கு மட்டும்தான். காவல்துறை விசாரணையில் உங்கள் போனையும் பதிவுகளையும் கொண்டுவரச் சொல்லிச் சம்மன் வரலாம்.

ஆகவே பேசத் தொடங்குமுன் அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், எது பதிவாகிறது, எங்கே வரும், யார் பார்ப்பார்கள் என்று. சிக்கலான கதை என்று தெரிந்தால் கேமராவையும் ரெக்கார்டரையும் அணைத்துவிடுங்கள். குறிப்பேட்டில் பெயர், படகு எண், ஊர் எதுவும் வேண்டாம். வாடகைத் தாளில் படகு எண் இருக்குமே என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால் மானியத்தில் வாடகைக்கு எடுக்கும் படகும், இந்த மாதிரிக் கதை சொல்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். கடல் பசுக்கள் மேயும் கடற்புல் படுகைகளின் துல்லியமான இடத்தையும் வெளியிடாதீர்கள், படங்களை அனுப்பும்போது அவற்றில் தானாகப் பதிவாகும் இடக் குறிப்பை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

இதோடு ஒப்பந்தத்தில் இன்னொரு வரியைத் தேடுங்கள். 'எடுத்த எல்லாப் பதிவுகளையும் ஒப்படைக்க வேண்டும்' என்று சில இடங்களில் கேட்பார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளியாகும் படங்களையும் கட்டுரையையும் தருவேன், பேட்டிப் பதிவுகள் என்னிடமே இருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வரிக்காக மானியமே போய்விடும் என்றாலும், போகட்டும் என்றுதான் சொல்வேன். இன்னொரு மானியம் வரும். அந்த மீனவர் வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவராகத்தான் இருப்பார்.

உங்கள் அடுத்த வேலைகளை இந்த வரிசையில் செய்யலாம். தகவல் உரிமை மனுவை இந்த வாரமே போடுங்கள். ஆசிரியரிடம் அந்த நாலு வரிக் கடிதத்தை வாங்குங்கள். மனுவுக்குப் பதில் வந்ததும் இந்திய இடம் ஒன்றுக்கும் வெளிநாட்டு அழைப்பு ஒன்றுக்கும் விண்ணப்பியுங்கள், இரண்டும் கிடைத்தால் ஒரே செலவை இரண்டு பேரிடமும் காட்டாதீர்கள். ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். ஃபீஸுக்கு வழியில்லை என்று தள்ளிப்போட வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தொலைபேசியில் கேட்பதானால் 15100. போகும்போது ஒப்பந்தத்தோடு பத்திரிகை அடையாள அட்டையின் நகலையும், இதுவரை பத்திரிகை தந்த பணத்துக்கான வங்கிப் பதிவுகளையும் எடுத்துப் போங்கள். நீங்கள் சட்டப்படி நிருபரா, எந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தும் என்பதை அவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும்.